வரி கட்டுகிற மாப்பிள்ளை

இந்த வருமான வரி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளே, சொந்தக்காரர்கள் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி எனக்குத் தெரியும். "ரெய்டுக்கெல்லாம் போவீங்களா?" கேட்டார்களா இல்லையா? என்னையும் கேட்டார்கள். கல்யாண வீட்டில் இலை போடும்போது கேட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து நான் செருப்பு மாட்டுவதற்குள் கேட்டார்கள். எண்பதுகளில் நான் ஓசூரில் வருமான வரி இன்ஸ்பெக்டராக இருந்தேன். ரெய்டு போக எங்களுக்கு ஜீப்பே கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். சூளகிரியில் ஏறுகிறவர்களின் கொத்தமல்லி மூட்டை என்மேல் சாய்ந்திருக்கும். ஆபீசுக்குள் நுழைந்தால் ரசம் கொதிக்கிற வாசனை என்று கிளார்க்குகள் கிண்டல் பண்ணுவார்கள்.

ஜீப் இருந்தது கலால் வரிக்காரர்களுக்கு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டைத் தாண்டி சரக்கு லாரி வெளியே போனால் போதும், அவர்களுக்கு வரி வந்துவிடும். அந்த ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பார்த்தால் விடவே மாட்டார். "என்னம்மா, உங்க டிபார்ட்மென்ட் வசூல்ல டெல்லிக்கு டீச் செலவாச்சும் தேறுமா?" என்பார். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். ஆனால் அந்த மனுஷன் சொன்னதில் உண்மை இருந்தது. அன்றைக்கு மத்திய சர்க்காருக்கு வந்த வரியில் பெரும்பங்கு கலாலும் சுங்கமும்தான். தனி மனிதர்கள் தங்கள் வருமானத்திலிருந்து கட்டுகிற வரி ஏதோ ஓரமாகக் கிடந்தது. இன்றைக்கு அது எவ்வளவோ வளர்ந்துவிட்டது. நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போகலாம்.

ஆனால் ஒன்று. ஓரமாகக் கிடந்த அந்த வரிக்கு சூளகிரிப் பக்கத்து ஊர்களில் ஒரு மதிப்பு இருந்தது. பட்ஜெட் போட்டவர்களுக்கே தெரியாத மதிப்பு. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சிப்காட் வந்தபிறகு பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் ஒரே ஆசை, கம்பெனி மாப்பிள்ளை வேண்டும். கம்பெனியில் இரண்டு சாதி. ஒன்று பெர்மனென்ட், இன்னொன்று கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆளுக்கு யூனிஃபார்ம், கேன்டீன், போனஸ் எல்லாம் உண்டு. கான்ட்ராக்ட் ஆளுக்கு இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்கு கேட்டில் நிறுத்திவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறவன் எந்தச் சாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருத்தன் நண்பனுடைய கம்பெனிச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பெண் பார்த்து, தாலியும் கட்டிவிட்டான். கல்யாணம் முடிந்த மறுவாரம் சட்டையின் சொந்தக்காரன் சட்டையைத் திருப்பிக் கேட்டு மாமனார் வீட்டுக்கே வந்து நின்றானாம். அந்தக் கதை சூளகிரியிலிருந்து கெலவரப்பள்ளி அணை வரைக்கும் பரவிவிட்டது.

அதற்கப்புறம்தான் ஊரில் ஒரு புதுச் சோதனை வந்தது. சட்டையை இரவல் வாங்கலாம், அடையாள அட்டையை பெங்களூரில் அச்சடித்துக்கொள்ளலாம், சம்பளச் சீட்டைக்கூட டைப் அடித்துவிடலாம். ஆனால் "நான் இன்கம்டாக்ஸ் கட்றேன்" என்று பொய் சொல்ல எவனுக்கு மனசு வரும்? ஆகவே தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பார்: "தம்பி வரி கட்றாப்லயா?" கட்டுகிறான் என்றால் சம்பளம் வரம்புக்கு மேலே, வேலை பெர்மனென்ட், சம்பந்தம் கெட்டி. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரத்தனமான சோதனைதான். நாடெல்லாம் வரிக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தபோது இங்கே மட்டும் மாப்பிள்ளைகள் வரி கட்டுவதாகப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்கள். சம்பளத்தில் வரி பிடித்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனை என்று ஒன்று வந்தால், சரிபார்க்க ஆளும் வேண்டுமல்லவா? அந்த ஆள் நாங்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்ணைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக எங்கள் ஆபீஸ் படியேறி வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சானமாவுக் காட்டை ஒட்டி நிலம் வைத்திருந்தவர். தக்காளி போடுவார், லாரியில் பெங்களூருக்கு அனுப்புவார். யானை வந்து மிதித்தது போக மிச்சம் எனக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பெயர் சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. தக்காளிக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், பெங்களூர் ஏஜென்டிடம் கன்னடம். இரவல் சட்டைக் கதையில் ஏமாந்து போனது அவருடைய அண்ணன் மகள். அந்தப் பெண் வாழாமல் திரும்பி வந்து அவர் வீட்டிலேயே இருந்தாள். இப்போது அவருடைய ஒரே மகளுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் திண்டுக்கல் பக்கம், சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டர்.

"பையனோட மாமன்காரன் 'கட்றான் கட்றான், நல்லாவே வரி கட்றான்'ங்கறாரு. பையன் என்னடான்னா எல்லார் முன்னாடியும் தலைய ஆட்டி 'இல்லீங்க, நான் கட்றதில்லை'ங்கறான். ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்யின்னு நீங்க சொல்லணும் தாயி. ஒரு வார்த்தை. கட்றானா, இல்லையா? அம்புட்டுத்தான்."

அவர் கண் சிவந்திருந்தது. அண்ணன் மகள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பதை தினமும் பார்க்கிற கண். எனக்கு மனசு கரைந்துபோயிற்று. கம்பெனி வருஷா வருஷம் எங்களுக்கு அனுப்புகிற கட்டு, யார் யாருக்கு வரி பிடித்தோம் என்கிற விவரம், என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எழுந்து ஐந்து நிமிஷம் புரட்டினால் போதும். "இருங்க, பார்க்கிறேன்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அப்போது எங்கள் ஆபீசர் அறையிலிருந்து வெளியே வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைசூர்க்காரர், நேரடியாகப் பரீட்சை எழுதி அதிகாரியாக வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். அவரை 'சார்' என்று கூப்பிட ஆரம்பத்தில் எனக்கு வாயே வராது. தமிழைக் கன்னடத்தில் தோய்த்து எடுத்துப் பேசுவார். காலில் மண்ணோடு யார் வந்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பேசுவார். கம்பெனி டைரக்டர் வந்தால் எழுந்திருக்க மாட்டார். அந்த ஒரு குணத்துக்காக எங்கள் பியூன் அவருக்காக உயிரையே விடத் தயாராக இருந்தான்.

தக்காளிக்காரர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஆபீசர் கைகூப்பினார். "ஐயா, ஒருத்தரு வரி கட்றாரா இல்லியான்னு இன்னொருத்தருக்குச் சொல்றது சட்டத்துல தப்பு. நான் சொல்லக்கூடாது. இந்த அம்மாவும் சொல்லக்கூடாது. மன்னிச்சிருங்க."

பெரியவர் போய்விட்டார். போகவில்லை, கீழே படிக்கட்டில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் அரசியல் கட்சிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்சிக்காரர் மேஜைமேல் கையை ஊன்றி, "ஒரு வார்த்தை சொன்னா ஆபீசருக்கு என்ன குறைஞ்சு போகுது? ராமநாதபுரத்துல வெயில் ஜாஸ்தியாமே" என்றார். ஆபீசர் எழுந்திருக்காமலே, "எனக்கு வெயில் பிடிக்கும்" என்றார். மாற்றல் போட்டுவிடுவோம் என்கிற மிரட்டல் அது.

அவர்கள் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக அவர் அறைக்குள் போனேன்.

"சார், ஒரு பொண்ணோட வாழ்க்கை. வெளியே சொல்ல வேண்டாம், நான் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கறேன். பையன் ஃபிராடுன்னா பெரியவருக்கு ஜாடையாச்சும் காட்டலாம்ல?"

"பார்க்க பேடம்மா" என்றார். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. "நீங்க பாத்துட்டா உங்க மொகம் சொல்லிரும். உங்க மொகத்துக்குப் பூட்டு கெடையாது."

எனக்குச் சுரீரென்றது. என் முகத்தைப் பற்றிச் சொல்ல இவர் யார்? ஆனால் அவர் விடவில்லை, அடுத்த கேள்வியைப் போட்டார். "சரி, பாக்கறீங்க. அவன் பேரு இல்லன்னு வெச்சுக்கங்க. பெரியவர் என்ன அர்த்தம் பண்ணிப்பாரு?"

"வேலை பொய்யின்னு."

"வரி கட்டலன்னா வேலை பொய்யா? நீங்க இன்கம்டாக்ஸ் இன்ஸ்பெக்டர், நீங்க சொல்லுங்க."

 பி.எஃப்-இல் கூடுதலாகக் கட்டுகிறவர்கள், எல்.ஐ.சி. போடுகிறவர்கள், போஸ்டாபீசில் சேமிக்கிறவர்கள் என்று சேமிப்புக்கெல்லாம் கழிவு உண்டு. கழிவு போக வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் பைசா வரி கிடையாது. இது எனக்குத் தலைகீழாகத் தெரியும். இருந்தும் ஊர் சொன்ன சோதனையை நானும் அப்படியே நம்பிக்கொண்டு நின்றேன். நாங்கள் சொல்கிற உண்மையான 'இல்லை' கூட அந்த ஊரில் பொய்யாகப் போய்ச் சேரும் என்று அந்த மைசூர்க்காரருக்குத்தான் தோன்றியது. நான் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. இன்றுவரைக்கும் அந்தக் கட்டை அதற்காகத் திறந்ததில்லை.

அந்த வாரமே ஒருத்தி வந்தாள். ஓசூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் படித்துக்கொண்டிருந்த பெண், கிளாசுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள். தக்காளிக்காரரின் மகள். வந்தவள் உட்காரவே இல்லை.

"மேடம், எங்கப்பா இங்க வந்து உட்கார்ந்தாரில்ல, அவரு பொண்ணு நானு. எனக்குப் பாத்த மாப்பிள்ளை வரி கட்றாரா இல்லையான்னு கேக்க வரலைங்க. எனக்கு அது வேணாம்."

"பின்னே என்னம்மா வேணும்?"

"அன்னிக்கு எங்க வீட்டுல நாப்பது பேரு கூடி இருந்தாங்க. மாப்பிள்ளையோட மாமா 'கட்றான்'னு சொல்லிட்டாரு. மாப்பிள்ளை 'ஆமா'ன்னு சும்மா இருந்திருந்தா அன்னிக்கே தட்டு மாத்தியிருப்பாங்க. ஆனா 'இல்லீங்க'ன்னாரு. எனக்கு அந்த 'இல்லீங்க' போதும். அப்பாவுக்குத்தான் போதல. அக்கா மாதிரி நானும் திரும்பி வந்துருவேனோன்னு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறாரு. வேற எடம் பாக்கறேங்கறாரு." அக்கா என்று அவள் சொன்னது பெரியப்பா மகளைத்தான்.  "அப்பாவுக்கு எப்படிப் புரிய வைக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

அட, என்ன பெண் இவள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு கீழே விடவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் என்ன சொல்வது? அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அவளை உட்கார வைத்துவிட்டு ஆபீசரிடம் போனேன். அவர் அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு நின்று, "ஒருத்தரப் பத்திச் சொல்லக்கூடாது. எல்லாரையும் பத்திச் சொல்லலாமே?" என்றார்.

மேலிடத்திலிருந்து எங்களுக்கு ஓர் உத்தரவு எப்போதும் உண்டு, வரி விளக்கக் கூட்டம் நடத்தவேண்டும் என்று. வழக்கமாக அதை ஓசூரில் ஒரு ஓட்டல் ஹாலில் நடத்துவோம். கம்பெனிக்காரர்களும் ஆடிட்டர்களும் வந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை சூளகிரியில், சந்தை நாளில், மண்டி வாசலில் நடத்துவது என்று முடிவானது. ஆடிட்டர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விவசாயிக்கு இன்கம்டாக்ஸே கிடையாது. அவங்ககிட்ட போய் என்ன விளக்கப் போறீங்க?" அவருக்கு எங்களால் காரணம் சொல்ல முடியவில்லை.

நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி மண்டிப் பக்கம் நடந்தோம். முன்னால் போன பியூன் கையில் பேனர். அதில் 'வருமான வரி' என்கிற எழுத்தைப் பார்த்ததுதான் தாமதம், தடதடவென்று ஷட்டர்கள் இறங்கின. "ரெய்டு! ரெய்டு!" என்று ஒருத்தர் கத்த, எடைபோட்டுக்கொண்டிருந்தவர் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் வாழ்க்கையில் நான் போன ஒரே ரெய்டு அதுதான்! ஆபீசர் நடு ரோட்டில் நின்று, "ஐயா, ஜீப்கூட இல்ல, பஸ்ல வந்திருக்கோம், டிக்கெட் பாருங்க" என்று பஸ் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். அதற்கப்புறம்தான் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் தக்காளிக்காரர் தன் கூடைகளின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் பக்கத்தில் அவர் மகள்.

ஆபீசர் தன் தமிழில் பேச, நான் அதைத் தமிழுக்கும் தெலுங்குக்கும் மாற்றினேன். அவர் அங்கே கிடந்த ஒரு தக்காளிக் கூடையை முன்னால் இழுத்துப் போட்டார். "இது சர்க்காருக்கு வர்ற வரின்னு வெச்சுக்கங்க. இதுல, சம்பளக்காரங்க, டாக்டர், வக்கீல்னு ஒவ்வொரு ஆளும் தன் வருமானத்துல கட்டற வரி எவ்வளவு இருக்கும்?" ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாதிக் கூடை என்றார்கள், முக்கால் கூடை என்றார்கள். அவர் ஒரே ஒரு கை அள்ளி மேலே தூக்கிக் காட்டினார். "குத்துமதிப்பா இம்புட்டுத்தான்."

"அப்ப மிச்சக் கூடை எங்கிருந்து வருது?" என்று ஒரு கிழவர் கேட்டார். வாயில் பீடி, கையில் தீப்பெட்டி.

"உங்க கையில இருக்கே, அதுலருந்து. தீப்பெட்டி, சர்க்கரை, டீத்தூள், டிராக்டர் டயர். கம்பெனி கட்டற வரி விலைக்குள்ள ஏறி உக்காந்திருக்கு. வாங்கறவங்க எல்லாரும் கட்றீங்க, ரசீது மட்டும் கெடையாது."

கிழவர் தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா! அப்ப நானும் வரி கட்றவனா? எனக்கும் ஒரு பொண்ணு பாருங்கப்பா!" என்றார். மண்டியே அதிர்ந்தது. கலால் இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். அவர் கிண்டல் பண்ணின விஷயத்தையே எங்கள் ஆபீசர் மூடி மறைக்காமல் சந்தையில் போட்டு உடைத்துவிட்டார். எனக்கு அதில் துளி வெட்கம்கூட இல்லை.

பிறகுதான் வந்த காரியத்துக்கு வந்தார். அந்த ஒரு கை வரியை யார் கட்டவேண்டும், யார் கட்டவேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார். நல்ல சம்பளம் வாங்கினாலும் சேமிப்பில் போட்டால் வரி குறையும், சில பேருக்கு இல்லாமலே போகும். விவசாய வருமானத்துக்கு இந்த வரியே கிடையாது. யார் பெயரும் சொல்லவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் தக்காளிக் கூடையையே பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தேன், என் முகத்துக்குத்தான் பூட்டு கிடையாதே. "ஏதாச்சும் கேக்கணுமா?" என்று முடித்தார்.

ஓரத்தில் நின்ற சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சரி, அவ்வளவுதான், வந்தது வீண் என்று நினைத்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்தாள். சந்தையில் அத்தனை ஆம்பிளைகள் நடுவில் ஒரு கல்யாணமாகாத பெண் எழுந்து பேசுவது அந்தக் காலத்தில் சாதாரணமில்லை. அவள் குரல் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை.

"சார், இந்தச் சந்தையில எங்கப்பா மாதிரி யோக்கியமான ஆளு கெடையாது. எடையில ஒரு காய் கொறைச்சதில்ல. யார வேணா கேளுங்க. நீங்க சொன்ன அந்த வரிய எங்கப்பாவும் கட்றதில்ல. அப்ப வரி கட்டாதவங்க எல்லாம் பொய்யருங்கன்னு சொல்லலாமா சார்?"

எல்லார் தலையும் தக்காளிக்காரர் பக்கம் திரும்பியது. ஆபீசர் என்னைப் பார்த்தார். அவளுடைய கேள்வியை நான் தெலுங்கில் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். மொழிபெயர்ப்புக்குத் தேவையே இருக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. "சொல்லக்கூடாதும்மா" என்றார் ஆபீசர், மெதுவாக.

 தக்காளிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூடைகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போயிற்று. ஊர் முன்னால் அப்பாவைக் கேள்வி கேட்டுவிட்ட பெண், இனி வீட்டில் அவளுக்கு என்ன நடக்குமோ. திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். "கெடுத்துட்டோம் சார்" என்றேன்.  ஓசூர் வரும்வரை ஆபீசர் அந்தப் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தார்.

எத்தனையோ நாள் எந்தச் சேதியும் இல்லை. ஒருநாள் காலையில் எங்கள் படிக்கட்டில் கனைப்புச் சத்தம். தக்காளிக்காரர்தான். ஒரு கையில் பை நிறையத் தக்காளி. பின்னால் ஒல்லியாக, கம்பெனிச் சட்டையில், ஒரு பையன்.

"சந்தையிலருந்து நேரா சிப்காட்டுக்குத்தான் தாயி போனேன்" என்றார். "ஷிஃப்டு முடிஞ்சு இவன் வெளிய வர்ற வரைக்கும் கேட்டுலயே நின்னேன். 'ஏன்டா தம்பி, நீ ஏன் வரி கட்டல?'ன்னு கேட்டேன். கடகடன்னு சொல்லிட்டான். தம்பி தங்கச்சி படிப்புக்குன்னு சம்பளத்துல பாதிய சேமிப்புல போட்டுடறானாம், அதனால வரி வர்றதில்லையாம். மாமன்காரன் சும்மா பெருமைக்கு அளந்திருக்கான். 'இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?'ன்னேன். 'கட்றியான்னுதான் கேட்டீங்க மாமா, ஏன் கட்டலைன்னு யாருமே கேக்கலியே'ங்கறான்!"

அவர் சிரித்த சிரிப்பில் மேல்மாடி வரைக்கும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "நம்ம அல்லுடு" என்று தெலுங்கில் மாப்பிள்ளை முறை சொல்லிப் பையனின் தோளைத் தட்டினார். பையன் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆபீசர் எழுந்து நின்று இருவரிடமும் கைகுலுக்கினார், கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார், தக்காளியை வாங்கவில்லை. "ஒரு காய்கூட வாங்காத ஆபீஸ் இது ஐயா, ஊர்ல போய்ச் சொல்லுங்க." பெரியவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கல்யாணத்தில் எங்கள் இலையில் தக்காளித் தொக்கைத் திரும்பத் திரும்ப வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார்.

அப்புறம் எங்கள் ஆபீசருக்கு மாற்றல் வந்தது, வெயில் ஊருக்கல்ல, மழை ஊருக்கு. போகும்போது நான் அவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. வயதில் சின்னவரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். இப்போது உங்களிடம் சொல்கிறேன். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் அந்த மனுஷன். எத்தனை ஆபீசர்கள் எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்கக்கூடாததைப் பார்க்காமல் இருக்க இவர் ஒருவர்தான் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்கு அலமாரி வரை எழுந்து போகவேண்டும், கட்டைப் பிரிக்கவேண்டும், அதற்குள் புத்தி வந்துவிடும். உங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரை அடித்தால் அவர் ஜாதகமே வந்து நிற்கும். அடிக்காதீர்கள் பிள்ளைகளே. ஒருநாள் ஒரு நல்ல மனுஷர் உங்கள் எதிரே கண் சிவக்க உட்கார்ந்து, ஒரே ஒரு வார்த்தை கேட்பார். அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

முடிக்கிறேன். தொண்ணூறுகளில், நான் அதே ஆபீசில் இருந்தபோது, ரிட்டர்ன் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று. டைப்ரைட்டிங் பெண். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அங்கேயே பரீட்சையெல்லாம் எழுதி, கணக்குப் பிரிவில் மேலே வந்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் ரிட்டர்ன். கணவன் இன்னும் தம்பிகளுக்கும் சேர்த்துச் சேமித்துக்கொண்டுதான் இருந்தான், அவனுக்கு வரி கிடையாது. அந்தக் குடும்பத்தில் முதலில் வரி கட்டியவள் இவள்.

பக்கத்தில் வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, தலை நரைத்த தக்காளிக்காரர். மகள் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் கூடவே வந்திருக்கிறார். வரிசையில் நின்ற ஆடிட்டர்கள், கடைக்காரர்கள் எல்லாரிடமும் "எம் பொண்ணு, வரி கட்றா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் மேஜைக்கு வந்ததும் கைகூப்பினார்.

"எம்புட்டு கட்றான்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன் தாயி. கேட்டாலும் சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

"அவகிட்டயே கேளுங்களேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அவர் காதில் சொன்னாள். பெரியவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டார். அன்றைக்குச் சந்தையில் ஆபீசர் ஒரு கை அள்ளித் தூக்கிக் காட்டிய தக்காளி அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. மகள் பக்கம் குனிந்தார். என் சர்வீஸில் எத்தனையோ பேர் அந்த மேஜைக்கு முன்னால் நின்று எத்தனையோ கெஞ்சியிருக்கிறார்கள். அவர் கேட்டதை அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒருத்தரும் கேட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் சேத்துக் கட்டேம்மா."